கொக்கி இல்லாமல் வந்த வண்டி

என் அக்காவுக்கு டிப்போவில் வைத்த பெயர் ரிவர்ஸ். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வண்டியை முன்னால் ஓட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பின்னால் எடுக்கத்தான் ஆள் இல்லை என்பது அவள் கட்சி. முட்டுச்சந்துக்குள் இருந்த தொடக்கப்பள்ளியின் வாசலில் அந்த நீளமான பஸ்ஸை ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து நிறுத்துவாள். பின்னால் நின்று கையாட்ட வேண்டிய காவலாளி சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். வேறு டிரைவர் யாராவது எங்காவது மாட்டிக்கொண்டு முழித்தால் "ரிவர்ஸைக் கூப்பிடு" என்பார்கள். அவளும் டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள்.

நான் அவளுக்கு ஒரே தம்பி. சோபா, மெத்தை, கார் சீட்டு எல்லாம் தைக்கிறவன். எனக்கு முன்கோபம் என்று என் மனைவி சொல்வாள். அதை அவள் கத்திக்கொண்டேதான் சொல்வாள். இந்தக் கதையைச் சொல்லும்போதும் நடுநடுவே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதற்கு நான் பொறுப்பல்ல, என் அத்தான்தான் பொறுப்பு.

அத்தானை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வாரிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அக்காவுக்கு இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். குரல் உயர்த்தத் தெரியாது. குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. காரோட்டவும் தெரியாது, கல்யாணமான நாளிலிருந்து அக்கா ஓட்ட, இவர் உட்கார்ந்து வருவார். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். "வேண்டாம்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. இப்படி ஒரு தங்கமான மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் உறவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அந்த வாயைத் தைக்க வேண்டும்.

ஒரு குளிர்காலத்தில் அக்கா அவருக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். அந்த நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னாரா? போட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுவாரமே டவுன் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு வந்தார். அக்கா ஒரு வாரம் டிப்போ டிப்போவாகப் போய், தொலைந்த பொருள் வைக்கும் அறைகளில் யார் யாருடைய குடைகளையோ கிளறித் தேடினாள். அத்தான் கூடவே போய்த் தானும் தேடினார். இதை நாங்கள் பல வருடம் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. காலையில் நாற்பது பிள்ளைகளை ஏற்றி ஒரு வட்டம், மாலையில் அதே பிள்ளைகளை இறக்கி அதே வட்டம் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் சுற்றியவள். "நான் ஓட்டின தூரத்தை நேரா நீட்டிப் போட்டா உலகத்தையே சுத்தி வந்திருப்பேன்டா. ஆனா நம்ம ஊர் எல்லைப் பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்பாள். ஓய்வு பெற்றதும் ஒரு வீட்டையே பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு, மலைகளைத் தாண்டி, நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் கடல்வரை போக வேண்டும். போகிற இடத்தில் பிடித்தால் ஒரு மாதம் இருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். அவளும் அத்தானும் மட்டும். திருப்பம் இல்லாத சாலையாகப் பார்த்து ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்பதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இளகும்.

இதற்காக ஒரு பழைய கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீட்டை, வாங்கிப் போட்டாள். விற்றவர் அதில் கோழி வளர்த்திருந்தார். வீட்டின் பின்முற்றத்தில் அதை நிறுத்தி, விடுமுறை நாள்களில் எல்லாம் அதோடு மல்லுக்கட்டினாள். உளுத்துப்போன தரையைப் பெயர்த்துப் புதுப் பலகை அடித்தாள். கூரையில் ஒழுகிய இடங்களை அடைத்தாள். இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. பச்சை நிறத்தில் மெத்தையும் திரைகளும் நான் தைத்துக் கொடுத்தேன், கதவுக்கு உள்தாழ்ப்பாளும் நானே மாட்டினேன். கோழி வாடை போக ஒரு வருடம் ஆனது. அத்தான் அவ்வப்போது வெளியே நின்று எட்டிப்பார்த்து, "நல்லா வருது" என்பார்.

இழுத்துப் போக வண்டிதான் பாக்கி. வீட்டில் இருந்த சின்னக் கார் அந்தக் கேரவனை இழுத்தால் கேரவன் நகராது, கார்தான் இரண்டாகப் பிரியும். அக்கா ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது நாங்கள் மூவரும் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கத் தொடங்கினோம்.

"ஃபோர் வீல் டிரைவ்தான் வேணும். நாலு சக்கரமும் இழுக்கணும்" என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். "ரெண்டு சக்கரம் சுத்த, ரெண்டு சக்கரம் வேடிக்கை பார்த்தா, சேத்துல மாட்டின இடத்துலயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

முதல் ஷோரூமில் நின்ற வண்டி பார்க்க யானை மாதிரி இருந்தது. அங்கிருந்தவர் அதில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள். அவளுடைய செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. கேரவனின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு மூக்கு வந்து உட்காரும் கொக்கி எங்கே மாட்டப்படும், அந்த இடத்தில் இரும்பு எவ்வளவு தடிமன் என்று தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, "உடம்பு பெருசு, முதுகெலும்பு இல்ல. அடுத்ததைப் பார்க்கலாம்" என்றாள்.

இரண்டாவது வண்டி நன்றாக இழுக்கும். ஆனால் டீசல் டேங்க் சின்னது. தூரப் பயணத்தில் பாதி நேரம் பங்க்கில்தான் நிற்க வேண்டும். அதோடு, கேரவனின் மூக்கு கொக்கியை எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு ஒரு அளவு இருந்தது. நம் கேரவன் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும் என்று அக்கா அன்று மாலையே குளியலறையில் இருந்த எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே ஒரு கட்டையை வைத்து, கேரவனின் மூக்கை அதன்மேல் இறக்கி எடை பார்த்தாள். இரண்டாவது வண்டி தாங்காது என்று தெரிந்தது. தெரியாமல் போனது, அந்த மெஷின் அன்றே கெட்டுவிட்டது என்பது. மறுநாள் காலையில் அத்தான் ஏறி நின்றபோது எட்டு கிலோ கூடக் காட்டியது. மனுஷன் யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அக்கா கேட்டபோது பசியில்லை என்றார். அவர் அப்படித்தான்.

எல்லா ஷோரூமிலும் அத்தான் ஒரு காரியம் செய்தார். அப்போது நான் அதைக் கவனித்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. அக்கா வண்டிக்கு அடியில் இருக்கும்போது அவர் பின்கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு முதுகை அசைத்துப் பார்ப்பார். சாமான் வைக்கும் இடத்தை எட்டிப் பார்த்து, அங்கே இன்னும் சீட்டு போட முடியுமா என்று கேட்பார். இரண்டே பேர் போகப்போகிற பயணத்துக்கு, டிரைவர் பக்கத்துச் சீட்டில் அந்த மனுஷன் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் வெளியே வந்ததும் அக்கா கேட்பாள்: "என்னங்க, பிடிச்சிருக்கா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"பாக்கலாம்" என்பார் அத்தான்.

மூன்றாவது ஷோரூமில்தான் அந்த வண்டி இருந்தது. சாம்பல் நிறம், டீசல், ஐந்து சீட்டு, பின்னால் தண்ணீர்க் கேன்களும் கூடாரமும் வைக்கத் தாராளமான இடம். அடியில் போன அக்கா நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் கிரீஸும் சிரிப்புமாக இருந்தாள். டை கட்டிய ஒல்லியான சேல்ஸ்மேன் ஒருவர் அங்கே இருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற அபூர்வமான ஆள். அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. கேரவனை மாட்டி இழுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதும், கொக்கி மாட்டிய அதே மாதிரி வண்டி ஒன்றை அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். கேரவனின் மூக்கு கொக்கியில் உட்கார்ந்து 'ளொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அக்கா வண்டியை எடுத்தாள். வருடக்கணக்கில் முற்றத்தில் செடி மாதிரி வேர் விட்டு நின்ற அந்தப் பெட்டி, ஒரு குலுக்கு குலுங்கி நகர்ந்தது. அது நின்ற இடத்தில் புல் வெளுத்து ஒரு நீள்சதுரம் தெரிந்தது. நான் முன் சீட்டில் இருந்தேன், பின்னால் சேல்ஸ்மேன். தெருவைச் சுற்றி, பெரிய சாலையில் ஏறி, மேம்பாலத்தில் அந்தப் பாரத்தோடு அது முக்காமல் முனகாமல் ஏறியபோது அக்கா கண்ணாடியில் பின்னால் வரும் கேரவனைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

திரும்பி வந்து, அந்தக் குறுகலான கேட்டுக்குள், இரண்டு பக்கமும் கை அகலம்கூட இல்லாத இடைவெளியில், கேரவனை ஒரே மூச்சில் பின்னுக்குத் தள்ளி, வெளுத்த அந்த நீள்சதுரத்தின் மேலேயே நிறுத்தினாள். சேல்ஸ்மேன் கைதட்டினார். கேட்டருகே நின்றிருந்த அத்தானிடம் அக்கா போனாள்.

"இதுதாங்க. இப்பவாவது சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தான். பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தபோது சொன்ன அதே வார்த்தை. அது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அக்கா தனக்கு வரப்போகும் ஓய்வுப் பணத்தில்தான் வண்டியை வாங்கினாள். ஆனால் பதிவு மட்டும் அத்தான் பெயரில் இருக்கட்டும் என்றாள். நான் ஏன் என்று கேட்டதற்கு, "கேரவன் என் பேர்ல இருக்கு. வண்டி அவர் பேர்ல இருக்கட்டும். ரெண்டும் சேர்ந்தாத்தானே நகரும்" என்று சிரித்தாள். பள்ளியில் அது கடைசித் தவணை, பரீட்சை நேரம், அவளுக்கு லீவு கிடையாது. மிச்சம் இருந்த ஷோரூம் வேலைகளை எல்லாம் அத்தானிடம் ஒப்படைத்தாள். "கொக்கியை அவங்களே மாட்டிக் குடுக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க" என்று தினமும் காலையில் நினைவுபடுத்திவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாள். அத்தானும் சட்டை மாற்றிக்கொண்டு ஷோரூமுக்குப் போய் வந்துகொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகன் என் பட்டறைக்கு வந்தான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். பெரியது இரண்டும் இரட்டை, கடைக்குட்டி நர்சரி. மனைவிக்குப் புதிதாக வேலை கிடைத்திருந்தது.

"மாமா, அம்மா வண்டிக்கு சீட் கவர் தெச்சுக் குடுங்க. நல்ல துணியா போடுங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றான்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பெற்றவளுக்குச் செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன். அவன் சொன்ன அளவுகளைக் குறித்துக்கொண்டேன். ஐந்து சீட்டுக்குச் சரி. அதற்கு மேல் இரண்டு வந்தன. குட்டையான அடி, சின்ன முதுகு.

"இது என்னடா, அஞ்சுதானே சீட்டு?"

"அது... எக்ஸ்ட்ரா மாமா. அதுவும் சேர்த்துத் தெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். கேரவனுக்கு வெளியே சாயங்காலம் உட்கார மடக்கு நாற்காலி இரண்டு வாங்கியிருப்பான், அக்காவுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று, வண்டி சீட்டும் நாற்காலியும் ஒரே துணியில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளவும் கிட்டத்தட்ட மடக்கு நாற்காலி அளவுதான். கடற்கரையில் பனி பெய்யுமே, நனைந்து ஊறிவிடக் கூடாதே என்று அந்த இரண்டுக்கும் உள்ளே ரப்பர் துணி வைத்து இரட்டைத் தையல் போட்டேன். என் வாழ்க்கையில் அத்தனை பொறுமையாக நான் எதையும் தைத்ததில்லை.

அக்காவின் கடைசி நாளன்று பிள்ளைகள் பஸ்ஸைச் சுற்றி நின்று கையசைத்தார்கள். மறுநாள் வண்டி எடுக்கப் போனோம். நான், அக்கா, அத்தான், அக்கா மகன், அவன் மனைவி, பிள்ளைகள் மூவர். அக்கா புதுச் செருப்பு போட்டிருந்தாள். ஷோரூம் நடுவே வண்டியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். சாம்பல் நிறம், அதே முகம், அதே பளபளப்பு. எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா முன்பக்கம் பார்க்கவே இல்லை. பழக்கதோஷம், நேராகப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு பம்பருக்கு அடியில் கையை விட்டாள். துழாவினாள். பிறகு இன்னொரு கையையும் விட்டாள்.

"கொக்கி எங்க?" என்று கேட்டாள்.

டை கட்டிய சேல்ஸ்மேன் அத்தானைப் பார்த்தார். அத்தான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம்... சார் வந்து மாடலை மாத்திட்டாரே. கொக்கியும் வேண்டாம்னுட்டார். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார் சேல்ஸ்மேன்.

அத்தான் வாயில் வராத 'வேண்டாம்' ஒரு அந்நியரிடம் போய் வந்திருக்கிறது.

"சரி, இப்ப மாட்டிக் குடுங்க" என்றாள் அக்கா.

"இதுல மாட்ட முடியாது மேடம். இது முன் சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல், ஏழு சீட்டு. உங்க கேரவனை இது தாங்காது." அவர் சொல்லச் சொல்ல அவர் முகமே வாடிவிட்டது. விற்றவனுக்கு இருந்த வெட்கம் வீட்டுக்காரர்களில் ஒருவருக்கும் இல்லை.

அதற்குள் பிள்ளைகள் வண்டிக்குள் ஏறிக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள். இரட்டையரில் ஒருத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாட்டி, இது எங்க சீட்டு. திங்கக்கிழமைலேருந்து நீங்க எங்களுக்கு மட்டும்தான் பஸ் ஓட்டணும், தாத்தா சொல்லிட்டார்" என்றாள். அவள் குதித்துக்கொண்டிருந்த சீட்டைப் பார்த்தேன். என் துணி, என் இரட்டைத் தையல். அக்காவும் அத்தானும் கடல் பார்த்து உட்காருவார்கள் என்று நினைத்துத் தைத்தது.

"ரப்பர் துணி வெச்சது நல்லதாப் போச்சு மாமா. பிள்ளைங்க ஜூஸைக் கொட்டினாலும் கவலையில்ல" என்றாள் அக்காவின் மருமகள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏன்டா, என் கையை வெச்சே இதைத் தெச்சு வாங்கினியா?" என்று அக்கா மகன் சட்டையைப் பிடிக்கப் போனேன். அக்கா என் தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

"மாமா, கத்தாதீங்க" என்றான் அவன். "அம்மா, நீயே யோசிச்சுப் பாரு. இந்த வயசுல அவ்வளவு தூரம் எதுக்கு? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பெரியவங்களுக்கு ஒரு நேரம், குட்டிக்கு ஒரு நேரம்னு ஸ்கூல் விடுது. உன்னை மாதிரி பத்திரமா யார் ஓட்டுவா? கேரவன் எங்கயும் போகாதும்மா, பிள்ளைங்களுக்கு விளையாட்டு வீடா இருக்கட்டும்."

கேரவன் எங்கும் போகாது என்று பெற்ற தாயிடமே ஆறுதல் மாதிரி சொல்கிறான். முந்தின நாள்தான் அவள் நாற்பது பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் இடைவெளியில் சொந்தக் காசில் அவளுக்கு இன்னொரு பள்ளிக்கூட பஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா யாரையும் திட்டவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, நர்சரிக் குழந்தைக்குக்கூட. தெரியாதது அவளுக்கும் எனக்கும்தான். அவள் சாவிக்காகக் கையை நீட்டினாள். அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக அவளைவிட்டால் ஆளில்லை. மகன் தன் சொந்தக் காரில் மனைவியோடு வந்திருந்தான். நான் பின்னால் ஏறப் போனேன். அத்தான் முன்கதவைத் தாண்டிப் போய் நடு வரிசையில் ஏறிக்கொண்டார். ஆகவே நானே முன்னால் உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் அவள் வழக்கம்போல நிதானமாக ஓட்டினாள். பிள்ளைகள் பாடினார்கள். சிவப்பு விளக்குகளில் அவள் கண்ணாடியைப் பார்த்தாள், பஸ் டிரைவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. ஒரு தடவை நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் அத்தான் தெரிந்தார். பேரனுக்கு மிட்டாய் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்ததும் வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் போட்டாள். முற்றத்துக்குள் பின்னால் போனது வண்டி. அந்த வண்டிக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் கத்துகிற கருவி உண்டு. அது கத்தத் தொடங்கியது. கேரவனை நெருங்க நெருங்க விடாமல் கத்தியது. அவள் நிறுத்தவில்லை. கடைசியில் நின்றபோது நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கொக்கி என்று ஒன்று இருந்திருந்தால், கேரவனின் மூக்கு ஒரு விரல்கூட விலகாமல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும்.

அக்காவும் இறங்கி வந்தாள். அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தாள். ஏதோ மிச்சம் வேலை இருப்பதுபோல மூக்கின் மேலிருந்த தூசியைப் புடவை நுனியால் துடைத்தாள். பிள்ளைகள் உள்ளே ஓடிவிட்டார்கள். அத்தான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு கடை வாசல்லயும் கேட்டேனே. வேண்டாம்னா சொல்லுங்கன்னு" என்றாள் அக்கா. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே. ஏங்க சொல்லல?"

அத்தான் வாயைத் திறந்தார். பாக்கலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குக் கை துறுதுறுத்தது. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ தனியாவே கெளம்பிப் போயிருப்ப."

அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. மனுஷன் பயந்திருக்கிறார். பயத்தை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அக்கா அவரைத் தாங்கியிருப்பாள். அவர் அதைச் செய்யாமல், அவள் காலுக்குக் கீழே இருந்த நாலு சக்கரத்தில் இரண்டைப் பிடுங்கியிருக்கிறார்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. கோபமே இல்லாத குரல். "போயிருக்க மாட்டேன். நீங்க இல்லாம போகணும்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல. இன்னைக்குத்தான் தோணுது."

சாவியை அவர் கையில் வைத்தாள். வண்டி அவர் பெயரில் இருக்கிறது, திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அவருக்கு நினைவுபடுத்தினாள். பிறகு கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அதை நல்ல கெட்டியாகத்தான் மாட்டிக் கொடுத்திருந்தேன்.